வெயில் விழும் இடம் எது?

கொல்கத்தாவில் பெஹாலா என்ற பகுதியில் எங்கள் படிப்பு வகுப்பு நடக்கிறது. ஒரு மார்கழி மாதம், வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் வாட்டத்தோடு வந்தார்.

"தம்பி, கடன் வாங்கி மொட்டை மாடியில் சோலார் தகடு வைத்தேன். வைகாசியில் ராத்திரி பதினொரு மணி வரை விளக்கு எரிந்தது. இப்போது எட்டு மணிக்கே அணைந்து விடுகிறது. தகடு கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். தகடு நன்றாகத்தான் இருந்தது. வைத்த இடம்தான் தவறு. மாடியில் படிக்கட்டு அறை இருக்கிறது. அதன் வடக்குப் பக்கத்தில் தகட்டை வைத்திருந்தார்கள். அறையின் நிழல் தகட்டின் மேல் விழுந்து கிடந்தது.

வைகாசியில் விழாத நிழல் மார்கழியில் எப்படி வந்தது?

சூரியன் நகர்கிறது

கோடையில் கொல்கத்தாவில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேல் வரும். அப்போது உச்சி நேரத்தில் நிழல் காலடியிலேயே கிடக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். நிழல் வடக்கே நீளும்.

டிசம்பர் 21-ஆம் தேதி உச்சி நேரத்தில் 4 அடிச் சுவரின் நிழல் ஏறக்குறைய 4 அடி இருக்கும். காலை 9 மணிக்கு 6 அடிக்கு மேல் இருக்கும். கொல்கத்தாவில் அந்த மாதம் பதினொன்றரை மணிக்கே உச்சி வந்து விடுகிறது. கடிகாரத்தின் 12 மணியை நம்ப வேண்டாம்.

இதை வைத்து ஒரு கணக்கு சொல்லலாம். சுவரோ தொட்டியோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளித் தகட்டை வையுங்கள். நிழல் தரும் பொருளுக்குத் தெற்கே வைத்தால் இன்னும் நல்லது. தகட்டின் முகம் தெற்கே பார்க்கட்டும். சற்றே சாய்வாக இருக்கட்டும்.

கொஞ்சம் நிழல் விழுந்தால் என்ன?

"ஒரு மூலையில்தானே நிழல்?" என்று சிலர் கேட்பார்கள். தகட்டுக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று கோத்தவை. ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் என்ன ஆகும்? குழாய் முழுவதும் தண்ணீர் குறையும். இதுவும் அப்படித்தான். ஒரு தென்னை ஓலையின் நிழல் கூட மின்சாரத்தை வெகுவாகக் குறைத்து விடும்.

காற்றும் மழையும்

2020 மே 20-ஆம் தேதி அம்பான் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. ஆகவே தகட்டின் இரும்புக் கால்களைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன் மேல் வைக்கக் கூடாது. தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். தகடு சூடேறினால் மின்சாரம் குறையும்.

பெஹாலாவில் மழைக் காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும். சில வீடுகளுக்குள்ளும் வரும். பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தரையில் வைக்காதீர்கள். வெள்ளம் எட்டாத உயரத்தில், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

1 கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயிலில் அது ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். தகட்டின் பின்புறம் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். அதை நீங்களே படியுங்கள். ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக்கூரை சோலாருக்கு ஓர் உதவித் திட்டம் தொடங்கியது. அதில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தார்கள். உங்களுக்குக் கிடைக்குமா என்று மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்று விடும்.

அக்காவின் தகட்டை மெக்கானிக் ஒருவர் படிக்கட்டு அறையின் தெற்குப் பக்கம் மாற்றி வைத்தார். நாமே கழற்றக் கூடாது. வெயில் இருக்கும் வரை தகட்டில் மின்சாரம் இருக்கும். இப்போது விளக்கு பத்தரை மணி வரை எரிகிறது. பையன் அந்த வெளிச்சத்தில் படிக்கிறான். மாற்றிய கூலி அக்காவுக்கு வீண் செலவுதான். கடனும் இன்னும் தீரவில்லை.

"முதலிலேயே தெரிந்திருந்தால்..." என்றார் அக்கா.

செய்து பாருங்கள்

உங்கள் மாடியில் காலை 9 மணிக்கு நிழல் எதுவரை விழுகிறது? சாக்கட்டியால் கோடு போடுங்கள். உச்சி நேரத்திலும், மதியம் 2 மணிக்கும் கோடு போடுங்கள். கோடுகளுக்கு வெளியே உள்ள இடமே தகட்டுக்கு ஏற்ற இடம். இதை மார்கழியில் செய்யுங்கள். கோடையில் போட்ட கோடு உங்களை ஏமாற்றி விடும்.