கொப்பரை ஏலம்: விலை குறைவது களத்திலேயே!

"ஒரே நாளில், ஒரே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான் விற்றோம். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மட்டும் கூடுதல் விலை கிடைத்தது எப்படி?" கொப்பரை விவசாயிகள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

2016-ல் தொடங்கிய இ-நாம் மின்னணு ஏலத்தில், வெளியூர் வியாபாரி உங்கள் கொப்பரையைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. தரப் பரிசோதனை விவரத்தைக் கணினியில் பார்த்துத்தான் விலை போடுகிறார். பூஞ்சணம் பிடித்ததையும் சுருங்கியதையும் நல்ல கொப்பரையோடு கலந்தால், மாதிரியில் அதுவும் வந்துவிடும். பிறகு மொத்தக் குவியலுக்கும் விலை இறங்கும். பத்து மூட்டையில் இரண்டு மூட்டை கழிவு என்றால், நஷ்டம் அந்த இரண்டுக்கு மட்டுமல்ல. களத்திலேயே பிரித்து, தனித்தனிக் குவியலாகப் பதிவு செய்யுங்கள்.

ஈரப்பதம் 6 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். ஒடித்தால் படக்கென்று உடையணும். வளைந்தால் இன்னும் வெயில் தேவை. பணத்தேவை நெருக்கும்போது இந்த இரண்டு நாள் பொறுமைதான் பலருக்கும் வருவதில்லை.

பரிசோதனை முடிவை ஏலத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். வந்த விலை பிடிக்காவிட்டால் மறுக்கலாம். நன்கு காய்ந்த சரக்கென்றால் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் கேட்கலாம். விலை குவிண்டாலுக்கா, கிலோவுக்கா என்பதையும் கவனியுங்கள்.

வாசலில் நின்று கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பவரிடம், எடை யாருடைய தராசில் என்று கேளுங்கள்.

பணம் வங்கிக் கணக்குக்கே வரும். வங்கிகள் இணைந்தபோது பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறிவிட்டது. பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்கள், புதியதை வாங்கிக்கொண்டு பதிவுக்குப் போங்கள்.