அகத்திப் பூவும் மரபியல் கணக்கும்

மருத்துவக் கல்லூரியில் இடம் தேடும் பிள்ளைகள் எழுதுகிற 'நீட்' என்னும் நுழைவுப் பரீட்சையின் 180 கேள்விகளில் சரிபாதியான 90 கேள்விகள் உயிரியலைச் சேர்ந்தவை என்பதும், அவற்றிலும் ஏறத்தாழப் பாதி தாவரவியலுக்கு உரியவை என்பதும், 720 மார்க்கில் 360 மார்க் இந்த ஒரு பாடத்திலேயே அடங்கியிருக்கிறது என்பதும், அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, அவர்களைக் கோச்சிங் வகுப்புக்கு அழைத்துவந்துவிட்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும் நன்கு தெரிந்த விஷயம். 180 நிமிஷத்தில் 180 கேள்வி. சரியான விடைக்கு நான்கு மார்க், தவறான விடைக்கு ஒரு மார்க் கழிவு. பௌதிகக் கணக்குகளுக்கு நேரம் மிச்சப்பட வேண்டும் என்பதனால், உயிரியல் பகுதி முழுவதையும் முக்கால் மணிக்குள் முடித்துவிடும்படி உபாத்தியாயர்கள் பழக்குகிறார்கள். இந்த அவசரத்திலிருந்து பிறந்ததுதான், என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல், படத்துக்குக் கீழே உள்ள குறிப்பைக்கூட விடாமல், மஞ்சளும் பச்சையுமாக மை தீட்டிப் பாராயணம் செய்கிற வழக்கம்.

இந்த வழக்கத்தைக் குறை சொல்வது என் உத்தேசமன்று. பரீட்சையின் அமைப்பு அப்படியிருக்கும்போது பதினேழு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்? ஆயினும், தாவரவியலையும் மரபியலையும் பொறுத்தமட்டில், மனப்பாடத்தின் பாரத்தைப் பெருமளவு இறக்கிவைக்க ஒரு மார்க்கம் உண்டென்று உறுதியாக நம்புகிறேன். அவரைக் குடும்பத்தின் மலர் அமைப்பைப் பதினோராம் வகுப்பில் படிக்கிறார்கள். மகரந்தச் சேர்க்கையையும் மெண்டலின் விதிகளையும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறார்கள். இடையில் ஓராண்டும் கணக்கற்ற மாதிரித் தேர்வுகளும் புகுந்துவிடுவதனால், இவை ஒன்றோடொன்று சம்பந்தமற்ற மூன்று பாடங்கள் என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிடுகிறது. உண்மையில் மூன்றும் ஒரே பூவைப் பற்றிய சமாசாரந்தான்.

அந்தப் பூவைத் தேடி எந்தப் பரிசோதனைச்சாலைக்கும் போக வேண்டியதில்லை. வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி பற்றிப் படர்வதற்காகவே வளர்க்கப்படுகிற அகத்தி, கிராமத்து வீடுகளின் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் வெகு சகஜமாக நிற்பது. மெண்டல் ஆராய்ந்த பட்டாணியும் இதுவும் அவரைக் குடும்பத்தின் ஒரே பிரிவைச் சேர்ந்தவை; பட்டாணிப் பூ சிறியது, நம்முடைய வெப்பமான சமவெளியில் எளிதாக அகப்படாதது; அகத்திப் பூவோ உருப்பெருக்கிக் கண்ணாடியின் தயவில்லாமலே தன் உறுப்புகள் அனைத்தையும் காட்டக்கூடிய அளவு பெரியது. அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டை நம்பிப் படிக்கிற பிள்ளைகளில் பலருக்கு, பட்டணத்துக் கோச்சிங் சென்டர்களில் பணம் கட்டிப் படிப்பவர்களுக்குக் கிடைக்காத இந்த வசதி வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

நன்கு பருத்து இன்னும் விரியாத ஒரு மொட்டைப் பறித்து, கிண்ணம் போன்ற புல்லிவட்டத்தை விலக்கிவிட்டுப் பாருங்கள். ஐந்து அல்லிகளில் ஒன்று மட்டும் மிகப் பெரியதாக, மற்ற நான்கையும் வெளியிலிருந்து போர்த்திக்கொண்டிருக்கும், அது கொடியல்லி. அதை எடுத்துவிட்டால் இரு பக்கமும் இரண்டு சிறகல்லிகள் தெரியும். அவற்றையும் எடுத்துவிட்டால், விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டி வளைந்த இரண்டு படகல்லிகள் எஞ்சி நிற்கும். கொடி சிறகை மூட, சிறகு படகை மூட, இவ்வாறு மேலிருந்து கீழாக இறங்கி வருகிற ஒழுங்கைத்தான் இறங்கு தழுவு இதழமைவு என்று புத்தகம் வர்ணிக்கிறது. ஒரே ஒரு மொட்டைத் தன் விரலால் பிரித்துப் பார்த்த பிள்ளை அதை நெட்டுருப் போட வேண்டிய அவசியமே இல்லை. இனி, படகை நகத்தால் கீறித் திறந்தால், உள்ளே பத்து மகரந்தத் தாள்கள் இருக்கக் காணலாம். ஒன்பதின் காம்புகள் ஒன்றுகூடிச் சூற்பையைச் சுற்றி உறையாக நிற்க, பத்தாவது மட்டும் கொடியல்லியின் பக்கமாகத் தனித்து நிற்கும். அகத்திப் பூவைப் பொரியலுக்கு ஆய்கிறபோது வீட்டுப் பெண்கள் கசக்குமென்று கிள்ளி எறிகிற 'நரம்பு' இந்தத் தாள்களின் தொகுப்புத்தான். மலர்ச் சூத்திரத்தில் அடைப்புக்குறிக்குள் ஒன்பதும் அதன் பக்கத்தில் கூட்டல் ஒன்றுமாக எழுதப்படுவதும் இதேதான். முற்றிய காயைப் பிளந்தால் விதைகள் ஒரே விளிம்பை ஒட்டி வரிசையாகத் தொங்குவதையும் காணலாம். விளிம்புச் சூல் ஒட்டுமுறை என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இந்தப் படகல்லிதான் மரபியலின் வாசற்கதவு. பட்டாணிப் பூவில் படகு இறுக மூடியிருக்க, மகரந்தப் பைகள் மொட்டுப் பருவத்திலேயே வெடித்து, பக்கத்திலேயே இருக்கும் சூலகமுடியின்மேல் மகரந்தத்தைச் சொரிந்துவிடுகின்றன. அதனால் அந்தச் செடி தன்னைத்தானே கருவுறச் செய்துகொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கலப்பில்லாமல் வருகிறது. கலப்புச் செய்ய விரும்புகிறவர், பைகள் வெடிப்பதற்கு முன்பே படகைத் திறந்து, பத்துத் தாள்களையும் இடுக்கியால் அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்து தடவி, பூச்சிகள் புகாதவாறு பையிட்டு மூடிவைக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டவருக்கு, மெண்டல் பட்டாணியைத் தேர்ந்தெடுத்த காரணம் என்ன என்ற கேள்வியும், பெண்பூவும் ஆண்பூவும் தனித்தனியே உள்ள பப்பாளியில் தாள்களை நீக்க வேண்டுமா என்ற கேள்வியும், எந்தப் பாடத்திலிருந்து வந்தாலும் ஒரே விடையின் இரு முகங்களாகத் தோன்றும்.

கிரெகோர் மெண்டல் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த புருனோ நகரத்து மடத்தில் துறவியாக இருந்தவர். 1850-ஆம் ஆண்டில் உபாத்தியாயர் தகுதிப் பரீட்சை எழுதித் தேறாமற்போனவர்; அதன் பின்னர் மடத்தார் அவரை வியன்னா சர்வகலாசாலைக்கு அனுப்ப, அங்கே அவர் பௌதிகமும் கணிதமும் கற்றதுதான் பின்னால் வந்த காரியங்களுக்கெல்லாம் ஆதாரம் என்பது என் அபிப்பிராயம். செடிகளைக் கலந்து பார்த்தவர்கள் அவருக்கு முன்னும் பலர் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே எண்ணி வகுத்தவர் இவர். விதை வியாபாரிகளிடமிருந்து 34 ரகப் பட்டாணிகளை வாங்கி, இரண்டு ஆண்டுகள் பயிரிட்டுப் பார்த்து, அவற்றில் 22 ரகங்களை நிறுத்திக்கொண்டு, 1856 முதல் 1863 வரை கலப்புச் சோதனைகளை நடத்தினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்து கிடைத்த 253 கலப்பினச் செடிகளில் காய்த்த விதைகள் 7,324. அவற்றில் உருண்டையானவை 5,474, சுருங்கியவை 1,850. மூன்றுக்கு ஒன்று என்ற புகழ்பெற்ற விகிதம் இதுதான்.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்று நிதானித்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த விகிதம் மொத்தக் கூட்டத்தில் தோன்றுகிறதேயன்றி ஒவ்வொரு செடியிலும் தோன்றவில்லை. மெண்டல் தம் கட்டுரையில் முதல் பத்துச் செடிகளின் கணக்கைத் தனித்தனியே எழுதிவைத்திருக்கிறார்: முதற் செடியில் உருண்டை 45, சுருக்கம் 12, நான்காவதில் 19-ம் 10-ம். இன்னும் விபரீதமாக, ஒரு செடியில் 43 உருண்டைக்கு இரண்டே சுருக்கம். மற்றொரு செடியில் 14 உருண்டைக்கு 15 சுருக்கம். விதி எல்லாச் செடிக்கும் ஒன்றே. குன்றல் பகுப்பில் இரண்டு அல்லீல்களும் பிரிந்து இனச்செல்லுக்கு ஒன்றாகப் போவதும், எது எதைச் சந்திக்கும் என்பது தற்செயலாக அமைவதும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடக்கின்றன. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது தற்செயலின் ஆட்டம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. பாடப்புத்தகம் இந்தச் செடிகளைச் சொல்லாமல் விட்டுவிடுவது பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

ஓங்குதன்மை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு ஜீன் மற்றொன்றை அடக்கி ஆளுகிறது என்று எண்ணிக்கொண்டு படிப்பதனால் வரும் குழப்பம் கொஞ்சமன்று. சுருங்கிய பட்டாணியில், மாவுச்சத்துக்குக் கிளை உண்டாக்கும் நொதி ஒன்றை ஆக்கும் ஜீனின் நடுவே ஏறத்தாழ 800 காரங்கள் நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதைச் செயலறச் செய்துவிட்டது என்பதை 1990-இல் கண்டறிந்தார்கள். நொதி இல்லாதபோது சர்க்கரை மாவாக மாறாமல் தேங்குகிறது. சர்க்கரை மிகுந்த விதை நீரை மிகுதியாக இழுத்துக்கொண்டு உப்புகிறது. முற்றி உலரும்போது அந்த நீர் வெளியேற, தோல் சுருங்கிவிடுகிறது. கலப்பினத்தில் நல்ல ஜீன் ஒன்று இருந்தாலே உருண்டைக்குப் போதுமான நொதி கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே கலப்பின விதையை அறுத்து மாவு மணிகளை மட்டும் அளந்தால், அவை பெரிதுமின்றிச் சிறிதுமின்றி இடைப்பட்ட அளவில் இருக்கும். ஆகவே, ஓங்குதன்மை ஜீனின் ஜன்ம சுபாவமன்று. நாம் விதையின் எந்தப் பண்பைப் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது. நம் வீட்டு முற்றத்து அந்திமந்தாரையில் சிவப்பும் வெள்ளையும் கலந்து இளஞ்சிவப்புப் பூப்பதும் இந்த நியாயத்தின்படிதான். மெண்டலின் கட்டுரையை 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவராகிய காரென்ஸ் இந்த அந்திமந்தாரையை வைத்தே ஆராய்ந்தார்.

கணக்குகளுக்கும் இந்தத் தெளிவே துணை. இருபண்புக் கலப்பில் மெண்டலுக்குக் கிடைத்த 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்று இதை ஒப்பிப்பதோடு நிறுத்திவிடாமல், வடிவத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் 423-க்கு 133. நிறத்தை மட்டும் எண்ணினால் 416-க்கு 140. இரண்டும் தனித்தனியே மூன்றுக்கு ஒன்றை ஒட்டியவை. எனவே பெரிய விகிதம் இரண்டு சிறிய விகிதங்களின் பெருக்கற் பலனே. இதை உணர்ந்தவர், மூன்று பண்புகளுக்குப் புன்னட் கட்டம் போட்டு 64 அறைகளை நிரப்பிக் காலத்தை வீணாக்கமாட்டார். மூன்றிலும் ஒடுங்குபண்பு வெளிப்படுவதற்கு கால், கால், கால் என்று பெருக்கி, 64-இல் ஒன்று என்று அரை நிமிஷத்தில் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஜீன்கள் ஒரே குரோமோசோமில் நெருங்கி இருந்தால் இந்தப் பெருக்கல் செல்லாது என்பதையும் அவர் நினைவில் வைத்திருப்பார். பிணைப்பு என்னும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இவ்வளவு பிரயாசையும் ஓ.எம்.ஆர். தாளோடு முடிந்துபோகிற விஷயமன்று. நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகையின் பண்பு இருப்பதை லேமன், கட்பஷ் என்ற இருவர் 1952-இல் வெளியிட்டார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து அமர்வதே அந்நோயின் மூலம் என்பதை நீட் எழுதுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒப்பிக்கும். ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளை டாக்டராகி அமர்ந்திருக்கையில் எதிரே வந்து உட்காரும் தாய் தகப்பன் அமிலத்தின் பெயரைக் கேட்கமாட்டார்கள். "டாக்டர் ஐயா, நாலில் ஒரு பிள்ளைக்கு வரும் என்றார்கள், மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் நல்லபடியாகப் பிறக்கும் அல்லவா?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கால் பங்கு சாத்தியம் புதிதாகத் தொடங்குகிறது, முன் பிறந்த பிள்ளை பின் பிறக்கும் பிள்ளைக்கு எவ்வித உத்தரவாதமும் ஆகாது என்பதை அவர்களுக்கு மெல்ல விளக்க வேண்டும். 14-க்கு 15 காய்த்த அந்தச் செடியை அறிந்தவருக்கே அதைச் சந்தேகமறச் சொல்ல முடியும்.

அதே குடும்பத்தில் நோயில்லாமல் வளர்ந்த தங்கைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அந்த ஜீனை மறைவாகச் சுமந்திருக்கும் சாத்தியம் எவ்வளவு என்று கேட்டால், பாதி என்று பலர் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். பரீட்சையிலும் அந்த விடைக்குப் பிள்ளைகள் மார்க்கைப் பறிகொடுக்கிறார்கள். நோயுள்ள நிலை அவளுக்கு இல்லையென்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதனால், மிஞ்சிய மூன்று வாய்ப்புகளில் இரண்டு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு என்பதே சரி. மெண்டல் இதையும் எண்ணித்தான் பார்த்தார்: உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தபோது, 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன, 372 செடிகள் உருண்டையும் சுருக்கமுமாகக் காய்த்தன. ஆனால் தங்கை விஷயத்தில் அடுத்த தலைமுறையைப் பயிரிட்டுப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றே சொல்லிவிடும். அவளை மணக்கவிருப்பவரின் ரத்தத்தையும் கூடவே பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.