குடியை விட்டவர்கள் கூடும் அறை

குடிப்பழக்கத்தால் நலிந்த குடும்பம் ஒன்றேனும் இல்லாத கிராமம் நமது வட்டாரத்தில் அரிது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கறிவர். சாயர்புரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழைத் தோட்டத்திலும் பனங்காட்டிலும் பாடுபடுவோர், தூத்துக்குடி உப்பளங்களுக்குச் செல்வோர் ஆகியோரின் கூலியில் ஒரு பகுதி வீடு வந்து சேருவதில்லை. மதுக்கடையை மூட வேண்டுமென்ற கோரிக்கை கிராம சபைகளில் எழுவதுண்டு. அது தனி விஷயம். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், குடியை விட நினைக்கும் ஒருவர் மறுநாள் மாலை எங்கே போய் உட்காருவது என்பதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரான் நகரில், பங்குத் தரகரான பில் வில்சனும் அறுவை மருத்துவரான ராபர்ட் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். மனைவியின் கண்ணீருக்கும் டாக்டரின் எச்சரிக்கைக்கும் அசையாத குடிநோயாளி, தன்னைப் போன்ற மற்றொருவன் தன் கதையைக் கூறும்போது செவிசாய்க்கிறான் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டனர். அதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம். ஏ.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் இது 1957 முதல் நம் நாட்டிலும் நடைபெற்று வருகிறது. இம்முறையை ஆராய்ந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குடியை அறவே விட்டிருப்பதில் இது மற்ற சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததன்று என்று கண்டது.

கூட்டத்தில் நடப்பது மிக எளியது. பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்திருப்பர். ஒருவர் தம் பெயரை மட்டும் கூறி, தாம் குடிநோயாளி என்று சொல்லி, தமக்கு நேர்ந்ததை விவரிப்பார். எவரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதுமில்லை. ஆயுள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வதில்லை. இன்று ஒரு நாள் தொடாமலிருப்பதே பேச்சு. கட்டணமில்லை. குடியை விட வேண்டுமென்ற விருப்பம் ஒன்றே சேருவதற்குத் தகுதி. சாதி, மதம், கட்சி எதுவும் கேட்கப்படுவதில்லை. கடவுளைப் பற்றிய பேச்சு வரும். ஆயினும் அவரவர் கருதும் கடவுள் என்றே கூறுவதால், கோவிலுக்குச் செல்பவரும் மாதா கோவிலுக்குச் செல்பவரும் ஒரே பெஞ்சில் அமரலாம். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியவை. சிலவற்றிற்கு யாரும் வரலாம். குடும்பத்தினருக்கென 1951 முதல் அல்-அனான் என்னும் தனி அமைப்பும் உண்டு.

எங்கே கூட்டம் நடைபெறுகிறது என்பதை ஏ.ஏ.யின் இந்திய இணையத்தளத்தில் காணலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். தொலைபேசி வழியே வீட்டிலிருந்தபடி கலந்துகொள்ளும் கூட்டங்களும் இப்போது உண்டு. ஆனாலும் நேரில் உட்காருவதற்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம். முதல் நாள் பிடிக்கவில்லை என்று நின்றுவிடலாகாது. சில கூட்டங்களுக்குச் சென்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை தோன்றக்கூடும்; உயிருக்கே அபாயம் நேர்வதுண்டு. ஆகவே முதலில் டாக்டர், பிறகு கூட்டம். குடியை நிறுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்யப்படுவதை வாங்கி, கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பதும் ஆபத்தே.

பஞ்சாயத்து செய்யக்கூடியது என்ன? திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், சென்னை டி.டி.கே. மருத்துவமனையினர் ஊராரின் ஒத்துழைப்போடு கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தினர். பட்டணத்திற்கு வர இயலாதவரை அவரது ஊரிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் கூட்டம் என்பது முகாமைவிடச் சிறியது; அதற்கு இடம் மட்டுமே தேவை.

இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். முன்பு பணியாற்றிய வட்டாரத்தில், நல்லெண்ணத்துடன் துணிப்பதாகை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, வருவோரின் பெயரும் தகப்பனார் பெயரும் எழுத ஒரு பதிவேடும் போட்டேன். அலுவலர்கள் வந்தனர், பிரமுகர்கள் வந்தனர், குடியை விட நினைத்தவர் ஒருவரும் வரவில்லை. பெயர் வெளியாகாது என்ற உறுதியின் மேல்தான் இந்த இயக்கமே நிற்கிறது என்பதை அன்று நான் உணர்ந்திருக்கவில்லை. பயனாளிகள் பட்டியல் இல்லாமல் ஒரு காரியம் நடக்கக்கூடும் என்று எங்களைப் போன்றோர் எளிதில் நம்புவதில்லை!

ஆகவே ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, ஒரு விளக்கு, குடிதண்ணீர், இவை போதும். பதிவேடு வேண்டாம், புகைப்படம் வேண்டாம், அங்கத்தினர்கள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லையாதலால், சிறு வாடகை கொடுக்க முன்வந்தால் மறுக்காமல் ரசீது போட்டு வாங்கிக்கொள்ளலாம். கடைசிப் பேருந்து புறப்படுமுன் முடியும்படி நேரம் அமைய வேண்டும். அறையின் சாவி குழுவினர் ஒருவரிடமே இருக்கட்டும். மாலை வேளையில் சாவிக்காரரைத் தேடி ஊரெல்லாம் அலைய நேர்ந்தால், போகும் வழியில் மதுக்கடையையும் கடக்க வேண்டியிருக்கும்.