காற்றில் ஒரு நகரம் – 7: ரிப்பன் மாளிகையின் ரேடியோ

சி.வி.கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று நாற்பது வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பில் இறங்கியது. மூன்றே ஆண்டில் பணமுடை, 1927 அக்டோபரில் கிளப்புக்குப் பூட்டு.

இந்த வாரம் 1975க்குப் போய்த் தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். டிவி பெட்டியை விட்டு ரேடியோவிலேயே சுற்றுகிறாயே என்று கேட்கிற நண்பர்களுக்காகவே அந்த வாக்கு. ஆனால் வழியில் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை குறுக்கே வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

மூடிய கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நிகழ்ச்சிகள், பெரும்பாலும் சங்கீதம். யோசித்துப் பாருங்கள்: சாக்கடையையும் தெருவிளக்கையும் கவனித்த அதே நிர்வாகம், ஊர் மக்களுக்குப் பாட்டும் கொடுத்தது. பள்ளிகளுக்கு ரேடியோ செட் கொடுத்துப் பாடமும் ஒலிபரப்பியது.

அதே 1930 ஏப்ரல் 1 அன்றுதான், பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927இல் நிலையம் தொடங்கி நொடித்துப்போன தனியார் கம்பெனியின் ஒலிபரப்பை வைஸ்ராய் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. நிதியாண்டு பிறக்கும் நாள் என்பதால் தேதி பொருந்தியிருக்கலாம். ஆனால் அங்கே பொறுப்பேற்றது ஒரு சாம்ராஜ்யம். இங்கே ஒரு முனிசிபாலிட்டி!

ரேடியோ செட் வாங்க எத்தனை பேருக்கு வசதி இருந்திருக்கும்? அதனால் மெரினா, பீப்பிள்ஸ் பார்க், ராயபுரம் ராபின்சன் பூங்கா போன்ற இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். காற்று வாங்க வந்தவர் காசு கொடுக்காமல் கச்சேரி கேட்கலாம். சபா டிக்கெட் எட்டாதவருக்கும் இடம் இருந்தது. இந்த ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கிக்குப் பழகிய பூங்கா.

நான் குடியிருக்கும் பெருங்குடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அன்று இது நகர எல்லைக்கு வெளியே ஒரு கிராமம். மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல்தான்.

1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலை பங்களாவில் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் திறந்தது. அன்றைய சென்னை மாகாணப் பிரதமர் (இன்றைய முதலமைச்சர் பதவி போன்றது) ராஜாஜியும் பேசினார். மாநகராட்சி ஒலிபரப்பு அத்துடன் முடிந்தது. வானொலி வரலாறு எழுதுகிற பலர் இந்த நாளிலிருந்து தொடங்கி, முந்தைய எட்டு ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது அநியாயம். ஒரு நகரம் தன் செலவில், தன் மக்களுக்காக ரேடியோ நடத்திய ஆண்டுகள் அவை.

வானொலி நிலையம் 1954இல் கடற்கரைச் சாலைக்குப் போனது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி வந்தபோது அதுவும் ஆல் இந்தியா ரேடியோவின் ஒரு பிரிவுதான். தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது 1976 ஏப்ரல் 1 அன்று. மறுபடியும் ஏப்ரல் 1!

அந்த ஏழரை மாதக் கூட்டுக்குடித்தனத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன். ‘வயலும் வாழ்வும்’ என்ற விவசாய நிகழ்ச்சியைப் பற்றிப் பேசாமல் அது முடியாது. அதைப் பேச, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு ஏடிடீ-27 என்ற நெல் ரகத்தை விதைத்த தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்த கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

(தொடரும்)