இராயனுடைய சொரூபமும் அமராவதி மணலும்



ஊருக்குப் போகவும் வரவும் யஷ்வந்த்பூர் இரயில் நிலையம் நம்மில் அநேகருக்குப் பழகிய இடம். அதே யஷ்வந்த்பூரில் 1891-ஆம் ஆண்டு 163 உரோம வெள்ளிக்காசுகள் பூமியிலிருந்து கிடைத்தன என்பதை அறிவீர்களா? அகுஸ்துராயன், திபேரியுராயன், கிலவுதியுராயன் ஆகியோர் வெளியிட்ட காசுகள் அவற்றில் இருந்தன. வேதத்தில் நாம் வாசிக்கிற அதே பெயர்கள்! கர்த்தரிடத்தில் கொண்டுவரப்பட்ட வரிக்காசு திபேரியுவின் வெள்ளிக்காசாகவே இருந்திருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் ஒரு பக்கத்தில் இராயனுடைய தலை. மறுபக்கத்தில் கையில் மரக்கிளையோடு அமர்ந்திருக்கும் ஒரு ஸ்திரீ.

ஆனால் வெள்ளி பெருவியாபாரிகளின் காசு. கடைத்தெருவில் ஏழையின் கையில் புழங்கியது செம்பும் வெண்கலமுமே. அவற்றைக் காண நாம் கரூருக்கும் மதுரைக்கும் போகவேண்டும். அமராவதியிலும் வைகையிலும் மணலை அரிப்பவர்களுக்கு 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் உரோமச் செப்புக்காசுகள் கிடைத்து வந்திருக்கின்றன. 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைக் குறித்து 1994-இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். இலங்கையிலோ இவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன.

மிளகைவிடச் சற்றே பெரிய காசுகள் இவை. பல ஒரு கிராம் எடைதான் இருக்கும். தேய்ந்துபோன அந்தச் சிறு வட்டத்துக்குள் எத்தனை சித்திரங்கள்! கான்ஸ்டன்டைன் காலத்துக் காசில் இரண்டு போர்ச்சேவகர், நடுவே படைக்கொடி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தெயோதோசியுவும் அவர் குமாரன் அர்காதியுவும் ஆண்ட நாட்களில் வெளிவந்த ஒரு வகையைச் சற்று நின்று கவனியுங்கள். சிறகுள்ள வெற்றித் தேவதை நடந்து போகிறாள். தோளில் வெற்றிச் சின்னம். மற்றக் கையால் ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். அருகிலோ, கிறிஸ்து என்னும் கிரேக்க நாமத்தின் முதல் இரண்டெழுத்துகளைப் பின்னிய அடையாளம்!

சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையைக் கூறவந்தவரின் நாமம், இழுக்கப்படும் சிறைப்பட்டவனுக்குப் பக்கத்தில். ஒரு பேரரசு விசுவாசத்தைத் தழுவியதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுவோருண்டு. என் மட்டில், அந்தக் கைதியை விட்டுக் கண்ணெடுக்க முடிவதில்லை. பழைய தேவதையும் போகவில்லை, கயிறும் அவிழவில்லை. குறி மட்டும் புதிதாய் வந்தது.

கரூர், மதுரைப் பக்கத்து வாசகர்களே, விடுமுறைக்குச் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களின் பெட்டியில் இத்தகைய பச்சை படிந்த காசு அகப்பட்டால், புளியிட்டுத் துலக்காதீர்கள். சித்திரமும் மேலெழுத்தும் அதோடு கரைந்துபோகும். பழைய பித்தளையோடு எடைக்கும் போடாதீர்கள். மண்ணில் புதையலாகவே கண்டெடுத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானாலே இது கடமை.