ஸ்கோர், டெட்லைன், அபராதம்... கேம் துறையிலிருந்து 'டிஸ்டோபியா' கதைகள் பிறப்பது எப்படி?

எல்லைச் சோதனைச் சாவடியில் உங்களுக்கு வேலை. வருபவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். ஒரு ஆளைச் சரியாக முடித்தால் 5 கிரெடிட் சம்பளம். தப்பு செய்தால் முதல் இரண்டு முறை எச்சரிக்கை, அப்புறம் அபராதம். அந்தக் காசில்தான் வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம். இப்போது ஒரு பெண் வருகிறார். கணவர் சற்றுமுன்தான் உள்ளே போனார். இவரிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விடுவீர்களா?

2013-ல் வெளியான 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேம் இது. விதிகளே மனிதரை நசுக்கும் கற்பனை உலகத்தை 'டிஸ்டோபியா' என்பார்கள். அதற்கு நல்ல உதாரணமாக இந்த கேமைச் சொல்லலாம்.

யார் உருவாக்கியது?

லூகாஸ் போப். அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனத்தில் 'அன்சார்ட்டட்' வரிசையின் முதல் இரண்டு கேம்களில் வேலை பார்த்தவர். பிறகு வெளியேறி, ஜப்பானில் குடியேறி, தனி ஆளாக இதை உருவாக்கினார். வெளிநாட்டுப் பயணங்களில் சந்தித்த குடியேற்றச் சோதனைகளே கதைக்கரு.

சரி, இதில் கேம் துறையின் பங்கு என்ன? எதற்குப் பாயின்ட் தரலாம், எதற்குக் குறைக்கலாம், எவ்வளவு நெருக்கினால் ஒருவர் தொடர்ந்து ஆடுவார் என்று யோசிப்பதுதான் கேம் டிசைனரின் அன்றாட வேலை. அதே கணக்கை ஒரு சர்வாதிகார அரசின் கையில் கொடுத்தால் டிஸ்டோபியா ரெடி. இங்கே கெட்டவர் என்று தனியாக ஒருவர் தேவையில்லை. சம்பளச் சீட்டே போதும்.

ஆபீஸிலும் அதே கதை

துறைக்குள் 'க்ரஞ்ச்' என்றொரு வார்த்தை உண்டு. ரிலீஸ் தேதி நெருங்கும்போது இரவு, வார விடுமுறை பார்க்காமல் வேலை வாங்குவது. 2004-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, பெயர் சொல்லாமல் இணையத்தில் இதைப் பற்றி எழுதியது பெரும் விவாதமானது. ஓவர்டைம் வழக்குகளில் அந்த நிறுவனம் கலைஞர்களுக்கு 1.56 கோடி டாலரும், புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டது.

முரணின் உச்சம் 'சைபர்பங்க் 2077'. ராட்சத கார்ப்பரேட்டுகள் மனிதரைப் பிழியும் நகரம்தான் அதன் கதைக்களம். கட்டாய க்ரஞ்ச் இருக்காது என்று 2019-ல் சொன்ன போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம், 2020-ல் ரிலீஸுக்கு முன் வாரம் 6 நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. கேம் வந்த சில நாளிலேயே, கோளாறுகள் காரணமாக பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து தூக்கப்பட்டது.

நமக்கென்ன?

டார்கெட், ரேட்டிங், இன்சென்டிவ் என்று ஓடும் எந்த ஆபீஸிலும் இதே விதிகள்தான். "ரூல் அப்படிங்க, நான் என்ன பண்றது?" என்று சொல்லும் இடத்துக்கு ஒரு நல்லவர் எப்படி வந்து சேர்கிறார் என்பதைத்தான் போப்பின் கேம் காட்டுகிறது.

ஆனால், அந்த கேமுக்கு 20 முடிவுகள் உண்டு. விதியை மீறவும் வழி இருக்கிறது, விலை கொடுக்கத் தயார் என்றால். நிஜத்திலும் வழி திறக்கிறது: 2022-ல் அமெரிக்காவின் ரேவன் சாஃப்ட்வேர் டெஸ்டர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். விதிகளை எழுதியது மனிதர்கள்தான். மாற்றவும் அவர்களால் முடியும்.