பல கை தைத்த கட்டங்கள், ஒரே போர்வை

அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்கள் குழுவாகக் கூடி ஒரே போர்வையைச் செய்வது பழைய வழக்கம். 1840களில் பால்டிமோர் நகரத்தில் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் மையால் பெயரெழுதி, எல்லாவற்றையும் இணைத்துப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை: மேலே துண்டுத்துணி வேலை, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. அந்த மேலடுக்கை எப்படி இணைக்கிறார்கள் என்று இப்போது பார்ப்போம்.

குழுவினர் தைத்த 30 கட்டங்கள் நம்மிடம் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் சொன்ன அளவு 12½ அங்குலம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். போர்வையில் தெரிவது 12. ஆனால் டேப்பை வைத்தால் ஒன்று 12½, இன்னொன்று 12¼, மற்றொன்று 12கூட இல்லை. யாரோ கவனமில்லாமல் வெட்டிவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு கட்டத்தில் குறுக்கே மூன்று துண்டுகள் இருந்தால் இரண்டு தையல். ஒவ்வொரு தையலும் இரு பக்கத் துணியிலும் கால் அங்குலம் பிடிக்க வேண்டும். அது வெறும் 1/16 அங்குலம் கூடினால்கூட, இரு பக்கமும் சேர்ந்து ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் குறையும். இரண்டு தையலுக்குக் கால் அங்குலம். கட்டம் 12¼ ஆகிவிடும். அதே கை, அதே மிஷினில், ஆறு துண்டுள்ள கட்டத்தைத் தைத்தால்? ஐந்து தையல், 5/8 அங்குலம் போய்விடும். வெட்டியதில் பிழையே இல்லை. துண்டுகள் கூடக் கூட, கண்ணுக்குத் தெரியாத அந்த மிகை பெருகுகிறது. நுணுக்கமான கட்டம் தைத்தவருடையதே சிறுத்துப் போவது இதனால்தான்.

எல்லாவற்றையும் சின்னதன் அளவுக்கு வெட்டிவிடலாமா? கூடாது. நட்சத்திர வடிவம் இருந்தால் அதன் முனைகள் தையலுக்குள் மறைந்துவிடும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் துணி அலையலையாக எழும்பும்.

கொத்தனார் சீரில்லாத கற்களைச் சாந்தை வைத்துச் சமன் செய்வார் அல்லவா? அதையே துணியில் செய்வோம். ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் 2 அங்குலப் பட்டை தைத்து, பிறகு வெளியளவை மட்டும் 14½ அங்குலமாக வெட்டுவோம். சின்னக் கட்டத்துக்குப் பட்டை கொஞ்சம் அகலமாகத் தெரியும், பெரியதற்குக் குறுகலாக. பார்ப்பவர் கண்ணில் அந்த வித்தியாசம் படாது. யாருடைய வேலையும் வெட்டுப்படாது.

இனித் தரையில் பரப்பி, நிறம் பார்த்து, வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை அமைப்போம். ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையுடையதை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி, மூலைகள் தாமே நேராக நிற்கும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துவது நல்லது.

கடைசியாகக் கரை. அதற்கான நீளத்தைப் போர்வையின் ஓரத்தில் அளக்கக்கூடாது. கைபட்டுக் கைபட்டு ஓரம் நீண்டிருக்கும். நடுவே அளந்து, அந்த நீளத்துக்கே கரைத்துணியை வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தைக்க வேண்டும்.

அடுத்த போர்வைக்கு முன் குழுவில் எல்லாரும் ஒரு சின்னச் சோதனை செய்துகொள்ளலாம். 2½ அங்குல அகலத் துண்டுகள் மூன்றைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து அளந்தால் 6½ வர வேண்டும். குறைந்தால், தையல் கோட்டை நூலளவு விளிம்புப் பக்கம் நகர்த்தினால் போதும்.